அக்கா சொன்ன எட்டு எழுத்து

பாதிச்சாவி என்ற பெயரை அக்கா முதன்முதலாகக் கேட்டது தொலைபேசியில். காலை பதினொரு மணி இருக்கும். துணி பிழிந்த ஈரக் கையை இடுப்பில் துடைத்துக்கொண்டே ஓடி வந்து எடுத்தாள். மறுமுனையில் ஒரு பெண் குரல், அவசரக் குரல்.

"பாதிச்சாவி இருக்காரா?"

"இங்க பூட்டு ரிப்பேர் எல்லாம் பண்றதில்லீங்க. தப்பான நம்பர்."

வைத்த பிறகும் அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. சாயங்காலம் தம்பி வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் சொல்லிவிட்டாள். யாரோ ஒருத்தி போன் பண்ணி, பாதிச்சாவி வேண்டும் என்கிறாள், முழுச்சாவியாகக் கேட்டாலாவது கொடுத்திருக்கலாம் என்று.

தம்பி தலையில் அடித்துக்கொண்டான். "அக்கா, அது நான்தான். ஆபீஸ்ல எனக்கு அதான் பேரு. அந்தம்மா பெரிய பாங்குல இருந்து கூப்பிட்டிருக்காங்க. அவசரத்துக்கு நம்ம வீட்டு நம்பரைக் குடுத்திருந்தேன்."

"நல்ல பேரு வச்சாங்க போ. அப்ப மீதிப் பாதி யாரு?"

"உன் வீட்டுக்காரர்தான்."

அப்போது அந்த வீட்டில் இருந்தது மூன்று பேர். அக்கா, அவள் புருஷன், அவளுடைய தம்பி. அம்மா கண்ணை மூடியபோது தம்பிக்கு இரண்டு வயது, அக்காவுக்குப் பதினாலு. அவள் படிப்பு அதற்கு முன்பே ஐந்தாம் வகுப்போடு நின்றிருந்தது. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே சமைத்தாள், தண்ணீர் சுமந்தாள், அப்பாவுக்கு மருந்து வாங்கப் போனாள். ராசா, ராசா என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் வரை அவனுக்குத் தன் சொந்தப் பெயரே தெரியாது. அக்காவுக்குக் கல்யாணமானபோது அவனும் பின்னாலேயே வந்தான். அவள் புருஷனுக்கு அதில் மனத்தாங்கல் ஒன்றும் இல்லை. வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார். "கல்யாணத்துல எனக்குக் கிடைச்சது ஒரு சுவர்க்கடிகாரமும் ஒரு மச்சானும். கடிகாரம் நின்னுபோச்சு. மச்சான் ஓடிக்கிட்டிருக்கான்."

அவர் ஒரு சின்ன பாங்கில் ஆபீசர். டயர் கடைக்கு மேலே நாலு அறை, அதுதான் பாங்கு. படியேறும்போதே ரப்பர் வாடை மூக்கில் ஏறும். ஆள் எடுத்தபோது மச்சானையும் உள்ளே இழுத்துக்கொண்டார், அதுவும் தன் பிரிவிலேயே. ஒரே வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் அந்த வேலையைப் பார்க்கக் கூடாது என்று விதிப் புத்தகத்தில் போட்டிருந்ததாம். அந்தப் புத்தகம் கை எட்டாத அலமாரித் தட்டில் இருந்தது. எடுத்துப் படிக்க ஏணி வேண்டும்.

வேலை என்ன என்று தம்பி அக்காவுக்குப் பலமுறை விளக்கியிருக்கிறான். யார் யாருக்கு எவ்வளவு போகவேண்டும் என்ற பட்டியல், பள்ளிக்கூடச் சம்பளம், மில் சம்பளம், பென்ஷன் எல்லாம், கம்ப்யூட்டர் பிரிவிலிருந்து ஒரு ஃபைலாக வரும். அதை வழியில் யாரும் பிரிக்க முடியாதபடி பூட்டிப் பெரிய பாங்குக்கு அனுப்பவேண்டும். அங்கிருந்துதான் ஒவ்வொருவர் கணக்குக்கும் பிரிந்து போகும். ஆரம்பத்தில் அதை ஒரு ஃப்ளாப்பித் தட்டில் பதிந்து, அரக்கு வைத்த உறையில் போட்டு, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனார்கள். இரண்டு பேர் சேர்ந்துதான் போகவேண்டும், ஒருவரை விட்டு ஒருவர் நகரக் கூடாது. "அத்தானுக்கு ஒண்ணுக்கு வந்தா நானும் கூடப் போய் நிக்கணும்கா. எனக்கு வந்தா அவரு" என்று தம்பி சொல்லும்போது அக்காவுக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு வரும்.

பிறகு லைன் வந்தது. ஃபைல் கம்பி வழியாகப் போக ஆரம்பித்தது. பூட்டுக்குப் பதினாறு எழுத்தில் ஒரு சாவி. வெளியே பாஸ்வேர்டு என்பார்கள், அந்த அறையில் அதற்குச் சாவி என்றே பேர். முன்பாதி எட்டெழுத்து ஆபீசருக்கு மட்டும் தெரியும். பின்பாதி எட்டெழுத்து தம்பிக்கு மட்டும். ஆபீசர் முதலில் ஃபைலைத் திறந்து, அச்சடித்த தாளோடு மேலே ஐந்து பெயர், கீழே ஐந்து பெயர், நடுவில் கொஞ்சம் ஒத்துப் பார்க்கவேண்டும். சரியாக இருந்தால் தன் பாதியை அடிப்பார். அதுவரை தம்பி சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருக்கவேண்டும். அப்புறம் தம்பி அடிக்கும்போது ஆபீசர் சுவரைப் பார்ப்பார். பூட்டு விழுந்துவிட்டால் இவர்களாலேயே திறக்க முடியாது. பெரிய பாங்கில் இருக்கும் சாவிக்குத்தான் திறக்கும்.

கடைசியாகத் தொலைபேசி. இத்தனை பேர், மொத்தம் இவ்வளவு என்று படித்துச் சொல்லவேண்டும். எண்ணிக்கையை ஆபீசர் தன் வாயால் சொல்லவேண்டும், மொத்தத்தைத் தம்பி. இரண்டு குரலையும் கேட்ட பிறகே அந்தப் பக்கத்து அம்மா சரி போடுவார். அந்த அம்மாவைத் தம்பி பார்த்ததே இல்லை. வருஷக்கணக்காகத் தினம் பேசினார்கள், பேசியது பெரும்பாலும் எண்கள்தான். மழை பெய்தால் மட்டும், "அங்கயும் மழையா?" என்று ஒரு வார்த்தை கூடுதலாக இருக்கும்.

தம்பி அந்த வேலையைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்தான். அவனுக்குக் கல்யாணமாகி இரண்டு தெரு தள்ளிக் குடிபோனான். அவன் மனைவி வீட்டிலேயே தைத்துக் கொடுப்பவள், வாய் கொஞ்சம் நீளம், மனசு தங்கம். ஒரு பெண் குழந்தை. கல்யாணமான புதிதில் அவன் மனைவி ஒருநாள் விளையாட்டாக, "என்கிட்டகூடச் சொல்ல மாட்டீங்களா உங்க எட்டெழுத்தை?" என்று கேட்டதற்கு, ஒரு நாள் முழுக்க முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்பேர்ப்பட்டவன்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை சாவியை மாற்றவேண்டும். அங்கேதான் ஆபீசருக்குச் சிக்கல். புதிதாக ஒன்று யோசிக்க அவரால் முடியாது. யோசித்தாலும் மறந்துபோவார், மறந்தால் பெரிய பாங்குக்கு எழுதி மன்னிப்புக் கேட்கவேண்டும். ஒருநாள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தவர், "நாலு இங்கிலீஷ் எழுத்து, நாலு நம்பர். ஏதாவது சொல்லேன்" என்றார்.

ஆங்கில எழுத்து இருபத்தாறும் அக்காவுக்குத் தெரியும். அதற்கு மேல் தெரியாது. ஆனால் உறவு வழியில் யார் எப்போது பிறந்தார்கள், யாருக்கு யார் என்ன முறை, எந்தக் குழந்தையை வீட்டில் என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று கேட்டால் மூச்சு விடாமல் சொல்வாள். பெரிய மாமாவின் நடுப்பெண்ணை வாலு என்பார்கள். வாலுவுக்கு நாலு எழுத்து, அவள் பிறந்த தேதிக்கும் மாதத்துக்கும் நாலு எண். எட்டு ஆயிற்று. ஆபீசர் அசந்துபோனார். அன்று முதல் முன்பாதி அக்காவின் பொறுப்பு.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஆபீசர் வீட்டுக்கு மேலே மாடி எடுக்க ஆரம்பித்தார். கொத்தனார் கண்ணில் படாவிட்டால் சிமெண்ட்டைக் குறைத்துவிடுவான் என்று அவருக்கு ஒரே நம்பிக்கை. மதியம் இரண்டு மணிக்குக் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

"மச்சான், என் பாதியையும் நீயே போட்டுடு."

"எனக்குத் தெரியாதே அத்தான்."

"உங்க அக்காகிட்ட கேளு."

"அது எப்படி அத்தான், நான் கேக்கறது..."

"என்னடா எப்படி? நீ என்ன திருடவா போற? உன்னை வளர்த்தவகிட்டதான கேக்கச் சொல்றேன்."

மாடி கட்டி முடிந்தது. இரண்டு மணிக்குக் கிளம்பும் பழக்கம் முடியவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை தம்பி போன் பண்ணுவான்.

"அக்கா, இந்தத் தடவை யாரு?"

"சித்தப்பாவோட மூத்தவன்."

"மொட்டையா? முதல் நாலு எழுத்து போதும். பிறந்தது?"

"ஒன்பது, பன்னெண்டு. அதுகூடத் தெரியாதா உனக்கு? அவன் சைக்கிள்ல இருந்து விழுந்துதான உன் பல்லு போச்சு."

அடித்த எட்டெழுத்தை ஒரு சீட்டில் எழுதி, உறையில் ஒட்டி, பெட்டகத்தில் வைக்கவேண்டும் என்பது இன்னொரு விதி. அதையும் தம்பியே எழுதினான். உறையின் மேல் ஆபீசர் கையெழுத்து மட்டும் போடுவார்.

ஒன்பது வருஷம் இப்படி ஓடியது. ஒரு விஷயத்தில் மட்டும் தம்பி அசைந்துகொடுக்கவில்லை. ஃபைலைத் திறந்து அவன் பார்த்ததே இல்லை. ஆபீசர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து முன்பாதியை அடிப்பான். எழுந்துபோய்த் தன் முக்காலியில் உட்கார்ந்து பின்பாதியை அடிப்பான். அறையில் வேறு ஈ காக்கை இருக்காது, ஆனாலும் இடம் மாறி உட்காருவான். அக்கா ஒருநாள் கேட்டாள்.

"இவ்வளவும் பண்றவன் உள்ள என்ன இருக்குன்னு ஒரு கண்ணு பாத்துட்டுத்தான் அடியேன்."

"யாருக்கு என்ன சம்பளம், யாருக்கு என்ன பென்ஷன்னு பாக்கறது அத்தான் வேலைக்கா. நான் அத்தானோட கையை மட்டும்தான் இரவல் வாங்கியிருக்கேன். கண்ணை வாங்கல."

"பெரிய யோக்கியன்டா நீ."

கேலியாகத்தான் சொன்னாள். உள்ளுக்குள் பெருமை பொங்கியது.

அந்தப் பக்கத்து அம்மாவும் முதலில் கேட்டுப் பார்த்தார், ஆபீசர் எங்கே, இரண்டாவது குரல் எங்கே என்று. வெளியே போயிருக்கிறார் என்றான் தம்பி. பத்து நாள் கேட்டுவிட்டு அவரும் விட்டுவிட்டார். எண்கள் ஒருநாளும் தப்பவில்லை, பிறகு என்ன?

ஒன்பதாம் வருஷத்தில் தம்பி போனில் வம்புக்கு இழுத்தான். "ஊர்ல இருக்கற பெரியம்மா பசங்க, அத்தை பசங்க எல்லார் பேரும் வந்தாச்சு. கூடப் பிறந்தவன் பேரு மட்டும் உன் வாயில வரல பாத்தியா?"

"அடப்பாவி. சரி, இந்த மூணு மாசம் நீதான். ராசா. இருபத்து மூணு, ஆறு."

"நேரமும் சொல்லுவியே நீ."

"விடியக்காலம் நாலே கால். அதை எங்கயும் அடிச்சு வைக்காத."

ராசாவின் மூன்று மாதத்தில் இரண்டாவது மாதக் கடைசியில்தான் அது நடந்தது. கம்ப்யூட்டர் பிரிவில் புது இயந்திரம் வந்து, சோதனைக்காக ஒரு பட்டியல் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். அதில் பெயர் வரிசை ஒரு வரி கீழே இறங்கியிருந்தது. முதல் ஆளின் சம்பளம் இரண்டாவது ஆளுக்கு, இரண்டாவது ஆளின் சம்பளம் மூன்றாவது ஆளுக்கு, கடைசி ஆளுடையது முதல் ஆளுக்கு. அந்தச் சோதனை ஃபைலே தவறி அனுப்பும் இடத்துக்கு வந்துவிட்டது. தம்பி நாற்காலியில் உட்கார்ந்து ராசாவை அடித்தான், முக்காலிக்கு மாறித் தன் பாதியை அடித்தான், தொலைபேசியை எடுத்தான். நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு பேர். அந்தப் பக்கமும் அதே எண்ணிக்கை. மொத்தமும் காசு பிசகாமல் அதே. பிசகுவதற்கு வழியே இல்லை, ஆட்களும் அதே ஆட்கள், தொகையும் அதே தொகை, யாருக்கு எது என்பது மட்டும்தான் மாறியிருந்தது. முதல் ஐந்து வரியைத் தாளோடு ஒத்துப் பார்த்திருந்தால் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்திருக்கும்.

இரண்டு நாளில் பாங்குப் படி நிரம்பிவிட்டது. பள்ளிக்கூடக் காவலாளிக்குத் தலைமையாசிரியர் சம்பளம் வந்திருந்தது. அவர் பாஸ்புக்கை நாலு தரம் திருப்பிப் பார்த்துவிட்டு, நல்ல மனுஷன், தானே எடுத்துக்கொண்டு வந்து நீட்டினார். தலைமையாசிரியருக்கு வந்தது மாணவர் உதவித்தொகை. மில்லில் ஒரு மேஸ்திரி தன் பெண்டாட்டி திட்டியதைப் பாங்கு முழுக்கக் கேட்கும்படி சொல்லிக்கொண்டிருந்தார். முக்கால்வாசிப் பேர் திருப்பிக் கொடுத்தார்கள். சிலர் செலவழித்துவிட்டார்கள். ஒருத்தன் எடுத்துக்கொண்டு போன இடமே தெரியவில்லை. திரும்பி வராமல் போனது பெரிய தொகை. அதற்கு ஒரு தலை உருளவேண்டியிருந்தது.

வியாழக்கிழமை விசாரணை. தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி வந்து உட்கார்ந்தார். அன்று மதியம் ஆபீசர் இடத்தில் இல்லை என்பது ஊருக்கே தெரியும், அதனால் அதை அவரே ஒப்புக்கொண்டார். உடம்பு சரியில்லாமல் சொல்லாமல் போனது தப்புதான் என்றார். ஆனால் தன் பாதியை யாருக்கும் கொடுத்ததில்லை என்றார்.

"அப்ப முன்பாதியை யாரு அடிச்சது?" என்று அதிகாரி கேட்டார்.

"நான்தான்" என்றான் தம்பி.

"உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

தம்பி அத்தானைப் பார்த்தான். அத்தான் சுவரைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அன்றுதான் அவர் விதிப்படி சுவரைப் பார்த்தார். யோசித்துச் சொல்வதாகத் தம்பி சொன்னான். திங்கள்கிழமை பதினோரு மணிக்குச் சொல்லுங்கள், அன்றைக்கே பெட்டகத்தில் இருக்கும் உறையையும் பிரிப்போம் என்றார்கள்.

வீட்டுக்கு வந்த ஆபீசர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"இங்க பாரு. அவனுக்கு நாப்பத்தொண்ணு. எங்க போனாலும் பொழச்சுக்குவான். எனக்கு இன்னும் ரெண்டே வருஷம். இப்ப அனுப்பினா பென்ஷன் கிடையாது, மாடி எடுத்த கடன் கழுத்தைப் பிடிக்கும். பாங்குச் சாவியை வீட்டுப் பொம்பளைகிட்ட குடுத்து வச்சிருந்தேன்னு தெரிஞ்சா போலீஸ்வரைக்கும் போகும். உன்னையும் கூப்பிடுவாங்க."

"அவன் எடுக்கலைங்க. நான்தான் சொன்னேன்."

"நீ சொன்னது உனக்கும் எனக்கும் அவனுக்கும் தெரியும். நாலாவது ஆளுக்கு எதுக்குத் தெரியணும்?"

ஞாயிற்றுக்கிழமை காலை தம்பி வந்தான். ஆபீசர் மாடிக்குப் போய்விட்டார், தண்ணீர்த் தொட்டி ஒழுகுகிறதாம். அக்கா சமையலறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். தம்பி முன்னால் உட்கார்ந்து, அவனும் ஒரு பிடி எடுத்து நார் உரிக்க ஆரம்பித்தான். சின்ன வயதிலிருந்து அவனுக்கு அது பழக்கம்.

"நாளைக்கு உறையைப் பிரிப்பாங்கக்கா."

அக்காவின் கத்தி நின்றது. ராசா, இருபத்து மூணு, ஆறு. அவன் கையெழுத்திலேயே இருக்கிறது.

"பிரிச்சா என்ன, எட்டெழுத்துதான" என்றாள். தன் குரல் தனக்கே பிடிக்கவில்லை.

"ஆமா. எட்டெழுத்துதான்."

ஒரு பீன்ஸை உரித்துப் போட்டான். இன்னொன்றை உரித்துப் போட்டான்.

"எப்படித் தெரியும்னு கேப்பாங்க. நான் என்ன சொல்லணும்கா? நீ சொல்றதைச் சொல்லிடறேன். இத்தனை நாளும் நீ சொன்னதைத்தான அடிச்சேன்."

மேலே தொட்டியைத் தட்டும் சத்தம் கேட்டது. உண்மையைச் சொல்லுடா என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. அதற்குப் பின்னாலேயே கடன், போலீஸ், தெருவில் நாலு பேர் முகம், எல்லாம் வரிசையாக வந்தன.

"அத்தானுக்கு இன்னும் ரெண்டு வருஷம்தான்டா ராசா" என்றாள்.

அவன் தலையை ஆட்டினான். கையில் இருந்த பீன்ஸை உரித்து முடித்து, நாரையெல்லாம் கூட்டி எடுத்துக் குப்பையில் போட்டு, கையைக் கழுவினான். "டீ குடிச்சுட்டுப் போயேன்" என்றாள். "அங்க போட்டு வச்சிருப்பா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

திங்கள்கிழமை காலை ஒன்பதரை. ஆபீசர் போய்விட்டிருந்தார். தொலைபேசி அடித்தது.

"பாதிச்சாவி இருக்காரா?"

அதே குரல், கொஞ்சம் வயதாகியிருந்தது. அக்கா பதில் சொல்வதற்குள் அந்த அம்மா கடகடவென்று கொட்டினார்.

"நான் பெரிய பாங்குல இருந்து பேசறேங்க. அங்க அவரு ரூமுக்கு அடிச்சா அடைச்சுக் கிடக்குங்கறாங்க, வேற யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க. எங்கிட்ட பழைய புக்குல இந்த நம்பர் இருந்துச்சு. ஒன்பது வருஷமா ஆபீசர் குரலை நான் கேட்டதே இல்லீங்க. ரெண்டு குரல் கேட்டுத்தான் சரி போடணும், நான் ஒரு குரலை வச்சே போட்டுட்டேன். என் மேலயும் தப்பு இருக்கு. எழுதித் தரேன். எனக்கு என்ன ஆனாலும் ஆகட்டும். அந்த மனுஷன் ஒருநாளும் ஒரு எண்ணைத் தப்பாச் சொன்னதில்லீங்க. விசாரணை எத்தனை மணிக்கு, யாரு பேருக்கு அனுப்பணும்னு மட்டும் சொல்லுங்க."

அக்காவுக்கு நேரம் தெரியும். அதிகாரி எந்த அறையில் உட்காருவார் என்பதுகூடத் தெரியும், அவள் புருஷன் சொல்லியிருந்தார். முகம் தெரியாத ஒருத்தி தன் சோற்றைப் பணயம் வைத்துக் கேட்கிறாள். அக்கா தொலைபேசிக் கம்பியை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள்.

"இங்க அப்படி யாரும் இல்லீங்க. தப்பான நம்பர்."

"முன்னாடியும் ஒரு தடவை இப்படித்தான் சொன்னீங்க" என்றார் அந்த அம்மா. "பூட்டு ரிப்பேர் பண்றதில்லன்னு. மறுநாள் அவரு அதைச் சொல்லிச் சிரிச்சாரு."

அக்கா வைத்துவிட்டாள்.

இரண்டு மணிக்கு ஆபீசர் சாப்பிட வந்தார். மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடாதவர் அன்று இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். உறையைப் பிரித்தார்களாம். அதிகாரி எட்டெழுத்தையும் படித்தாராம். தம்பியின் பணிப் பதிவேட்டை வரவழைத்துப் பிறந்த தேதியைப் பார்த்தாராம். இருபத்து மூன்று, ஆறு. கையெழுத்தும் அவனுடையது.

"முன்பாதி ஆபீசருடையதுன்னா அதுல உங்க பிறந்த தேதி எப்படி வந்துச்சுன்னு கேட்டார். அதுக்கும் இவன் 'எனக்குத் தெரியும்'னு மட்டும்தான் சொன்னான்."

"முன்னால இருக்கற நாலு எழுத்து?" என்றாள் அக்கா.

"அது என்னன்னு யாருக்கும் புரியல. என்கிட்ட கேட்டாங்க." தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அவனை வீட்ல அப்படித்தான் கூப்பிடுவாங்கன்னு சொன்னேன். உண்மையைத்தான சொன்னேன்?"

அவர் கையைக் கழுவிவிட்டு வந்து, துண்டில் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"உனக்கும் அந்தத் தடவை வேற ஆளே கிடைக்கலையா? ஊரெல்லாம் சொந்தம் வச்சிருக்க, அவன் பேரையா குடுப்ப?"

இரண்டு பாதியையும் அவனே வைத்துக்கொண்டு, ஆபீசரை ஏமாற்றிக் கையெழுத்து வாங்கினான் என்று எழுதினார்கள். எப்படித் தெரியும் என்ற கேள்விக்கு நேராக, "எனக்குத் தெரியும்" என்று அவன் சொன்னதை மட்டும் பதிந்தார்கள். வேலை போனது. பதினேழு வருஷப் பணிக்கொடையைத் திரும்பி வராத தொகைக்காகக் கழித்துக்கொண்டார்கள். வேறு எந்தப் பாங்கிலும் வாசற்படி மிதிக்க முடியாதபடி கடிதம் போயிற்று.

ஒரு வாரம் கழித்து அக்கா அவன் வீட்டுக்குப் போனாள். அவன் வேலை தேடி வெளியே போயிருந்தான், அல்லது அவள் வருவதைப் பார்த்துப் பின்வாசல் வழியே போயிருந்தான். அவன் மனைவி தையல் இயந்திரத்தை விட்டு எழுந்திருக்கவில்லை.

"உக்காருங்க அண்ணி" என்றாள். ஒரு தையலை ஓட்டி முடித்து நூலைக் கடித்தாள். "நான் பெண்டாட்டி. என்கிட்டகூட அவரு ஒரு எழுத்தைச் சொன்னதில்ல. உங்களுக்கு மூணு மாசத்துக்கு ஒரு தடவை எட்டெழுத்து சொல்ல வாய் வந்துச்சு. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, ஒரு வார்த்தை சொல்ல வரலையே அண்ணி."

அக்கா கொண்டுபோன பையை வைத்துவிட்டு வந்தாள். மறுநாள் அந்தப் பை அவள் வீட்டு வாசலில் இருந்தது. பிரிக்கக்கூட இல்லை.

அந்த மாதக் கடைசியில் பாங்கில் எல்லாச் சாவியையும் மாற்றச் சொல்லி உத்தரவு வந்தது. ஆபீசர் சாப்பிட உட்கார்ந்தவர், பழைய ஞாபகத்தில், "நாலு எழுத்து, நாலு நம்பர். ஏதாவது சொல்லேன்" என்றார்.

"உங்க பேரையே போட்டுக்கோங்க" என்றாள் அக்கா. "உங்களுக்கு ஒண்ணும் ஆகாது."

அவர் அதற்கப்புறம் கேட்கவில்லை. இரண்டு வருஷத்தில் மாலை மரியாதையோடு ஓய்வுபெற்றார். ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். அது ஓடுகிறது. மாடியை வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். கடன் அடைந்துவிட்டது. ஒவ்வொரு ஜூன் இருபத்து மூன்றாம் தேதியும் விடியக்காலம் நாலே காலுக்கு அக்காவுக்கு விழிப்பு வந்துவிடும். எழுந்து உட்கார்ந்திருப்பாள், பக்கத்தில் அவர் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார்.

பாதிச்சாவி என்று அவனை இப்போது யாரும் கூப்பிடுவதில்லை. நகரத்துக்கு வெளியே ஒரு சிமெண்ட் கிடங்கில், எடைமேடைக்குப் பக்கத்துத் தகரக் கொட்டகையில் இருக்கிறான். லாரி உள்ளே வரும்போது ஒரு எடை, வெளியே போகும்போது ஒரு எடை எழுதுகிறான். அக்கா வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போகவேண்டும்.